அப்பா கேட்ட தோடியில் நான் சுகம் காணலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 46. மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். இரவு கடையை அடைத்து வந்ததும் நாகசுர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேசட்டில் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் பேசினால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். சிறு வயதில் எனக்கு அது ஒரே அலுப்பு.

அவர் போன மூன்றாம் மாதம் அந்தத் தோடியைத் தற்செயலாகக் கைபேசியில் கேட்டேன். நாகசுரம் மேலே மேலே ஏறுகிறது. இதோ தொட்டுவிடப் போகிறது என்னும்போது தொடாமல் திரும்பிவிடுகிறது. மறுபடி ஏறுகிறது. கடைசியில் தொட்டபோது கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, தாரைதாரையாக அழுதேன். அன்றிலிருந்து தினமும் இரவில் கேட்கிறேன், அழுகிறேன். அழுது முடித்ததும் வயிறார உண்டதுபோல் ஒரு நிறைவு வருகிறது. அதுதான் என்னை வதைக்கிறது. அப்பாவின் சாவில் சுகம் காண்கிறேனோ என்று வெட்கமாக இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறார் கணவர். ராகம், தாளம் எதுவும் எனக்குத் தெரியாது. இது நோயா?

— வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

ராகம் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆலாபனையின், அதாவது ராகத்தைத் தாளமில்லாமல் விரித்து வாசிப்பதன், உயிரை எழுதியிருக்கிறீர்கள். மேல் ஷட்ஜம் என்னும் உச்ச ஸ்வரத்துக்கு அழைத்துப் போகும் வித்வான், அதற்குக் கீழுள்ள தைவதத்திலும் நிஷாதத்திலும் சுற்றிச் சுற்றி நம்மை வாசலிலேயே நிற்க வைப்பார். கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011இல், இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவரவருக்குப் பிடித்த இசையைத்தான் கேட்கச் செய்தார்கள். நல்ல உணவு தரும் சுகத்தோடும் தொடர்புடைய டோபமின் என்னும் மூளை ரசாயனம், சிலிர்க்கும் கணத்தில் சுரந்தது. அதற்குச் சற்று முன், காத்திருந்த நொடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் சுரந்திருந்தது. ‘வயிறார உண்டதுபோல்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

காத்திருக்க வேண்டுமானால், அடுத்து எது வரும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? அலுப்போடு உட்கார்ந்திருந்த அத்தனை இரவுகளிலும், நீங்கள் அறியாமலே உங்கள் காது பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று வரும் நிறைவு நாகசுரத்தால் வருவது. கண்ணீர் அப்பாவால் வருவது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் உங்களுக்குக் குழப்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். கேசட் காலத்தில் உங்கள் அப்பா ஒவ்வோர் இரவும் கண்மூடி ரசித்தது, என்றோ போய்விட்ட ஒருவரின் மூச்சைத்தான். அதில் அவர் வெட்கப்படவில்லையே, அம்மா.

உங்கள் கணவரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். தூக்கமும் சாப்பாடும் கெடுகின்றனவா? பாட்டு நின்ற பிறகும் அழுகை நிற்காமல் மறுநாள் வேலையைக் கெடுக்கிறதா? அந்தத் தோடியே ருசிக்காமல் போகிறதா? பிடித்ததை ரசிக்க முடியாமல் போவது மனச்சோர்வின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. இப்படி எதுவும் இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் உடனே போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை. இரவுக்காகக் காத்திருக்கும் ஒருவரைத்தான் காண்கிறேன்.

தனியாக அழுவதைத்தான் மாற்றச் சொல்வேன். இன்று இரவு கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாகசுரம் எங்கே ஏறும், எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இடம் வரும்போது அவர் ஏதாவது பேச வாயெடுத்தால், ஒரு விரலை மட்டும் உயர்த்துங்கள்.