பிறந்த குழந்தைக்கு நைட்ரிக் ஆக்சைடு கொடுப்பது ஆபத்தில்லையா?

வாகனப் புகையில் இருக்கும் அதே வாயுவைப் பச்சைக்குழந்தைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் கொடுப்பது மிகச் சிறிய அளவு: வழக்கமாக, மூச்சில் போகும் காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு.

கருவில் பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாக வருவதால், நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகியே இருக்கும். பிறந்து மூச்சு விட்டதும் அவை தளர வேண்டும். மலம் கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்தது, கிருமித்தொற்று போன்ற காரணங்களால் சில குழந்தைகளுக்கு அது நடப்பதில்லை. ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் கருவில் இருந்த பழைய பாதைகளிலேயே ஓடும்; குழந்தை நீலம் பாரிக்கும்.

நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்தும். மூச்சோடு கொடுத்தால் காற்று எட்டும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் உடம்பின் மற்ற இடங்களில் ரத்த அழுத்தம் விழாது. இதுதான் இந்தச் சிகிச்சையின் அழகு.

1997இல் வெளியான பெரிய ஆய்வில், இறப்பு அல்லது எக்மோ கருவி (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம்) தேவைப்படுவது, வாயு கொடுக்காத குழந்தைகளில் 64 சதவீதமாகவும் கொடுத்த குழந்தைகளில் 46 சதவீதமாகவும் இருந்தது. சரி, இறப்பு மட்டும் பார்த்தால் குறைந்ததா? அதில் தெளிவான வித்தியாசம் இல்லை. குறைந்தது முக்கியமாக எக்மோ தேவைதான். விளம்பரம் மாதிரிப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. உதரவிதானத்தில் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில்) ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்கோ ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை.

அப்புறம், இந்த வாயு விலை அதிகம். கிடைக்காத இடங்களில் சில்டெனாஃபில் (ஆமாம், வயாகராவில் இருப்பதுதான்) கொடுக்கிறார்கள். வாயுவை நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மறுபடி எகிறிவிடும்.