வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில் மைக்கலாஞ்சலோவின் பியேத்தா சிற்பத்தைத் தவிர வேறு எதைப் பார்க்கலாம்?

பாப்பரசர்களின் நினைவுச் சின்னங்களைப் பாருங்கள். அதிலும் ஏழாம் அலெக்சாண்டரின் சமாதியை விட்டுவிடாதீர்கள்.

பேராலயத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வடிவமைத்தவர் பெர்னினி, 1678-ல் வேலை முடிந்தபோது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. சமாதிக்குக் கிடைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது. வேறு சிற்பியாக இருந்தால் அதை மறைக்க வழி தேடியிருப்பார். பெர்னினி அதை மரணத்தின் வாசலாகவே ஆக்கிவிட்டார். கதவுக்கு மேல் செந்நிற ஜாஸ்பர் கல்லில் பெரிய விரிப்பு ஒன்று மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. கல் என்று நம்பவே முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு பொன்முலாம் பூசிய வெண்கல எலும்புக்கூடு ஒன்று மணற்கடிகாரத்தை நீட்டுகிறது. நேரே மேலே பாப்பரசர் தலையில் மகுடமில்லாமல் முழந்தாளிட்டுச் செபிக்கிறார். எலும்புக்கூட்டை அவர் கவனிக்கவே இல்லை. சாவு வந்து நிற்கும்போதும் செபம் கலையாத அந்த முகத்துக்காகவே ரோமுக்குப் போகலாம் என்பேன்.

இந்தச் சமாதிகள் எல்லாம் வெறும் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. பளிங்கும் வெண்கலமும் ஏராளம்தான், சரி. ஆனால் எட்டாம் உர்பானின் சமாதியைப் பாருங்கள். அதுவும் பெர்னினி செய்ததுதான். அங்கே எலும்புக்கூடு ஒரு ஏட்டில் பாப்பரசரின் பெயரை எழுதுகிறது. அந்த வேலை தொடங்கியபோது உர்பான் உயிரோடுதான் இருந்தார்! அதிகாரத்தின் உச்சியில் இருக்கும்போதே தன் சமாதிக்கு ஏற்பாடு செய்தவர் அவர். ஆடம்பரம் என்ற ஒரே வார்த்தையில் இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1605-ல் வெறும் 27 நாள் பதவியில் இருந்த பதினொன்றாம் லியோவுக்கும் இங்கே அல்கார்டி செதுக்கிய பளிங்குச் சமாதி உண்டு. நெப்போலியனிடம் சிறைப்பட்ட ஏழாம் பயஸின் சின்னத்தைச் செய்த தோர்வால்சன், டென்மார்க்கைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட்.

அப்புறம், பீடங்களுக்கு மேல் ஓவியம் போலத் தெரிபவை அநேகமாக எல்லாமே மொசைக். ஈரக்காற்றில் ஓவியங்கள் கெட்டுப்போனதால் சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்து அவற்றைப் படியெடுத்தார்கள். ரஃபேலின் 'உருமாற்றம்' இங்கே மொசைக்காக இருக்கிறது. மூல ஓவியம் பக்கத்திலேயே வத்திக்கான் அருங்காட்சியகத்தில். முடிந்தால் ஒரே நாளில் இரண்டையும் பாருங்கள்.