எனர்ஜி லேபுக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: கோவை அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியராக இருக்கிறேன். தொழிற்சாலை எரிசக்திச் சிக்கனத்துக்கென லேப் அமைக்க நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. மாதிரி பாய்லர், மாதிரி டர்பைன் வாங்கலாம் என்கிறார்கள். பாடம், ஆராய்ச்சி இரண்டுக்கும் ஆக வேண்டும். பக்கத்தில் உலோக வார்ப்பு செய்யும் ஃபவுண்டரிகளுக்கும் உதவ வேண்டும். எதில் தொடங்குவது?

பதில்: மாதிரிகள் வேண்டாம். புது மாதிரியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாணவர் பார்க்க வேண்டியதோ, பல வருடம் ஓடித் தேய்ந்த இயந்திரம் கரண்டை எங்கே விழுங்குகிறது என்பதை. அப்படிப்பட்டவை உங்கள் வளாகத்திலேயே இருக்கும்: ஒர்க்‌ஷாப் ஏர் கம்ப்ரஸர், ஹாஸ்டல் பாய்லர், ஏ.சி. பிளான்ட், டீசல் ஜெனரேட்டர். பணத்தை அளவுக் கருவிகளில் போடுங்கள். பவர் அனலைசர், அல்ட்ராசோனிக் லீக் டிடெக்டர், புகைவாயு அனலைசர், குழாயை வெட்டாமல் வெளியே பொருத்தும் ஃப்ளோ மீட்டர் ஆகியவை முதலில்.

முதல் பாடம் காற்று லீக். காற்றை எடுக்கும் மெஷின்கள் எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டு, லோடு நேரத்தையும் (காற்றை அழுத்தித் தரும் நேரம்) அன்லோடு நேரத்தையும் (காற்று தராமல் சும்மா சுற்றும் நேரம்) ஸ்டாப்வாட்சில் பல சுற்று குறிக்கச் சொல்லுங்கள். சராசரி 3 நிமிடம் லோடு, 7 நிமிடம் அன்லோடு என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் தரும் காற்றில் 30 சதவீதம் லீக்கிலேயே போகிறது. லோடில் 22 கிலோவாட் இழுத்தால் 6.6 கிலோவாட் வீண். வருடம் 6,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 39,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல். ஃபவுண்டரி முதலாளி உடனே காது கொடுத்துக் கேட்பது இந்தக் கணக்கைத்தான். ஸ்க்ரூ வகைக் கம்ப்ரஸர் அன்லோடிலும் மின்சாரம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பவர் அனலைசரில் மாணவர்களே பதிவு செய்யட்டும்.

பம்ப் பாடத்தில் ஒரு எச்சரிக்கை. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்ற விதியை மொட்டைமாடி டேங்க் பம்பில் காட்டப் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் உயரத்துக்கு எதிரான வேலை, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி போட்டாலும் பெரிதாக மிச்சமாகாது. ஏ.சி. பிளான்டின் குளிர்நீர்ச் சுற்றில் காட்டுங்கள்; அது மூடிய சுற்று, உயரத்துக்கு எதிரான வேலை இல்லை.

ஆராய்ச்சிக்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2016இல் திறந்த ஈ.டி.ஏ. ஃபேக்டரி என்ற ஆராய்ச்சி ஆலையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். உண்மையான மெஷின்கள், கழுவும் இயந்திரம், வெப்பப் பதப்படுத்தும் உலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இணைந்திருக்கின்றன; ஒன்றின் கழிவு வெப்பம் மற்றொன்றுக்கும் கட்டடத்துக்கும் போகிறது. உங்கள் பட்ஜெட்டில் அந்தக் கட்டடம் வராது. கழிவு வெப்பத்தை அடுத்த வேலைக்குத் திருப்பும் அந்த யோசனையை ஹாஸ்டல் பாய்லரின் புகைபோக்கியில் தொடங்கலாம்.

ஃபவுண்டரிகளுக்குப் போக, 1976இல் அமெரிக்கா தொடங்கிய முறை நல்ல முன்னுதாரணம்: பேராசிரியரோடு மாணவர்கள் சிறு, நடுத்தர ஆலைகளுக்குப் போய் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று இலவசமாக ஆடிட் செய்தார்கள். ஒன்று மட்டும் கவனம். எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001இன்படி கட்டாய ஆடிட் செய்ய வேண்டிய பெரிய நுகர்வோருக்கு, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரின் அறிக்கைதான் செல்லும். உங்களுடையது ஆலோசனை அறிக்கை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மின் பேனலை ஆலையின் எலெக்ட்ரீஷியன் மட்டுமே திறக்கட்டும். லீக்கை அடைத்த பிறகு அதே டெஸ்ட்டை மறுபடி செய்து, இரண்டு அளவையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.