கத்தி எடுத்தவனுக்கு எதற்குக் கவுன்சலிங்?

கேள்வி: எங்கள் பகுதியில் 19 வயதுப் பையன் ஒருவன். மூன்று அடிதடி வழக்கு, ஒரு கத்திக்குத்து. இப்போது வெளியே வந்துவிட்டான். அவனுக்குக் கவுன்சலிங், தொழிற்பயிற்சி, கையில் கொஞ்சம் பணம் என்று திட்டம் போடுகிறார்கள். திருந்தக்கூடிய பையன்களுக்குச் செலவு செய்தாலாவது புண்ணியம். இவனை மாதிரி ஆட்களை நீண்ட நாள் உள்ளே வைப்பதுதானே சரி?

பதில்: கோபத்தில் தப்பில்லை. குத்துப்பட்டவரின் மருத்துவச் செலவை யார் ஏற்றார்கள், அவருக்கு நஷ்டஈடு வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும், அதை நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அவருக்கு ஒன்றும் செய்யாமல் குத்தியவனுக்கு மட்டும் திட்டம் போட்டால் அது அநியாயம்தான். ஆனால் ‘திருந்தக்கூடிய பையன்களுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கேட்க நியாயமாக இருக்கிறது, செய்து பார்த்தால் பணமும் போகும், கத்திக்குத்தும் நிற்காது.

சின்னத் தப்பு செய்து மாட்டும் பையன்களில் பெரும்பாலானவர்கள் வயது ஏற ஏறத் தாமாகவே விலகிவிடுகிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து தீவிரமான திட்டத்தில் உட்காரவைத்தால் படிப்பு கெடுகிறது, ‘கேஸ் ஆன பையன்’ என்று பெயர் ஒட்டிக்கொள்கிறது, அதுவரை தெரியாத முரட்டுப் பையன்கள் நாலு பேர் சிநேகமாகிறார்கள். கனடாவில் ஆண்ட்ரூஸ், பான்டா முதலிய உளவியலாளர்கள் 1990லேயே இதை அழுத்திச் சொன்னார்கள்: மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து யாரிடம் அதிகமோ அவனிடம்தான் அதிக உழைப்பைக் கொட்ட வேண்டும், ஆபத்து குறைந்தவனைக் கூடியவரை அவன் வீட்டிலும் பள்ளியிலும் இருக்க விட வேண்டும். நடைமுறையில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. கூப்பிட்டால் வருகிற பையனைச் சேர்த்துக்கொண்டால் வருகைப் பதிவேடு நிறையும், ஆண்டறிக்கை அழகாக இருக்கும். கதவைச் சாத்துகிறவன் பெயரை அடித்துவிடுகிறார்கள், அடுத்த குத்து அவன் கையிலிருந்துதான் வரும் என்று தெரிந்தும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செல்சி என்ற ஊரில் 1988இல் தொடங்கிய ரோக்கா என்ற அமைப்பு, ‘வரமாட்டேன்’ என்கிறவனைத்தான் தேடிப் போகிறது. சுமார் 16, 17 வயதிலிருந்து 24 வயதுவரை உள்ள இளைஞர்கள், பலர் சிறை பார்த்தவர்கள். பணியாளர் வீட்டுக்குப் போவார், திட்டி அனுப்புவார்கள், மறுபடி போவார். பல மாதம் இப்படியே ஓடும். அப்புறம் வேலைக்குச் சேர்ப்பார்கள், அவன் சண்டை போட்டு வேலையை இழப்பான், மறுபடி சேர்ப்பார்கள். சறுக்குவான் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, சுமார் நான்கு ஆண்டுகளுக்கு என்று போட்ட திட்டம் அது. முதல் தவறிலேயே ‘இவன் தேறமாட்டான்’ என்று வெளியே தள்ளுகிற திட்டம் இவர்களுக்கு எந்தக் காலத்திலும் உதவாது.

கையில் பணம் கொடுப்பதைக் கேட்டு உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் 999 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திருட்டு, போதைப்பொருள், அடிதடி என்று இருந்தவர்கள், உள்நாட்டுப் போர் கெடுத்துப் போட்ட தலைமுறை. குலுக்கல் போட்டு நான்காகப் பிரித்தார்கள்: சிலருக்கு எட்டு வாரக் குழுப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. பயிற்சி என்றால் புத்திமதி இல்லை. முடி வெட்டி, நல்ல உடை போட்டு, வங்கிக்கும் பெரிய கடைக்கும் போய் ஆட்களோடு பேசிவிட்டு வா என்று அனுப்பினார்கள், ‘நான் உள்ளே போனால் துரத்துவார்கள்’ என்று நம்பிக்கொண்டிருந்தவனை. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ஒருகாலத்தில் இதே வாழ்க்கையில் இருந்து மீண்டவர்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் பலன் ஓராண்டில் பெரும்பாலும் தேய்ந்தது, பணம் மட்டும் பெற்றவர்களிடமும் நிலைக்கவில்லை. இரண்டும் பெற்றவர்களிடம் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் குற்றங்கள் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. மாறத் தொடங்கியவன் பழைய தொழிலுக்குப் போகாமல் சில மாதம் தாக்குப்பிடிக்க அந்தப் பணம் உதவியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கவுன்சலிங் என்ற சொல்லும் உங்களைக் குழப்பியிருக்கலாம். சிகாகோ பள்ளிகளில் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் 30 வினாடியில் அதை வாங்கு என்பார்கள். கையை முறுக்குவார்கள், உருளுவார்கள், கடைசியில் ‘நீ ஏன் அவனிடம் கேட்கவில்லை?’ என்று ஆசிரியர் கேட்பார். அடி விழுவதற்கு முந்தைய அந்த இரண்டு வினாடியைப் பிடித்து நிறுத்தப் பழக்குவதுதான் வேலை. அந்தத் திட்டம் நடந்த காலத்தில் அதில் சேர்ந்த பையன்களிடையே வன்முறை வழக்குக் கைதுகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. நின்ற பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, நீண்ட நாள் உள்ளே வைப்பது? ஆபத்து கண்ணெதிரே இருக்கும்போது அடைத்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பெரிய குற்றங்களில் சிக்கிய 1,354 சிறார்களை அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஃபீனிக்ஸிலும் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கூடுதல் மாதங்கள் உள்ளே வைத்ததால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. பயமுறுத்தித் திருத்தலாம் என்று நியூஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் ஆயுள் கைதிகளைக் கொண்டு பையன்களை மிரட்டிப் பார்த்தார்கள். அந்த மாதிரித் திட்டங்களின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், சும்மா விட்டிருந்தாலே குற்றம் குறைவாக இருந்திருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995இல் தொடங்கிய மென்டோட்டா சிறார் சிகிச்சை மையத்துக்கு அனுப்பியதோ, மற்ற சிறார் சிறைகள் ‘எங்களால் முடியாது’ என்று கைவிட்ட பையன்களை. தண்டனையைக் கூட்டக் கூட்ட அவர்கள் முரண்டு பிடிப்பதும் கூடியது, அந்தச் சுழலை உடைப்பதையே அங்கே தினசரி வேலையாக வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபின் தொடர்ந்து பார்த்ததில், அங்கே சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவினர் 16 கொலைகளைச் செய்திருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை. குலுக்கல் முறையில் பிரித்த சோதனை இல்லைதான், ஆனாலும் அந்த 16 என்ற எண்ணை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் பகுதித் திட்டத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை என்று நினைக்காதீர்கள். மூன்று மாதக் கவுன்சலிங், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ என்று முடிந்தால் அது வீண்தான். நடத்துகிறவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள்: அந்தப் பையன் வர மறுத்தால் எத்தனை தடவை வீட்டுக்குப் போவீர்கள்? ஒரு பணியாளர் கையில் எத்தனை பேர்? நடுவில் இன்னொரு வழக்கில் மாட்டினால் பெயரை அடிப்பீர்களா, வைத்துக்கொள்வீர்களா? இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் இருக்கிறதா? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.