நகல் எடுக்கும் உரிமை வாங்கியவருக்கும் உண்டு

கேள்வி: நானும் மனைவியும் விளக்குத்தூண் அருகே சிறிய ஜவுளிக் கடை நடத்திப் பிழைக்கிறோம். சென்ற ஆண்டு 14,000 ரூபாய்க்குப் பில் போடும் மென்பொருள் வாங்கினோம். ஹார்டு டிஸ்க் பழுதானதால், எடுத்து வைத்திருந்த நகலைப் புதிய டிஸ்க்கில் ஏற்றினோம். "நகல் எடுத்ததே குற்றம், மறுபடி பணம் கட்டினால்தான் மென்பொருளைத் திறக்கும் சாவி எண்" என்கிறார் விற்றவர். ரசீது இருக்கிறது.
- ஜவுளி வியாபாரி, மதுரை

பதில்: நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. கணினி நிரலின் பிரதியை முறையாகப் பெற்று வைத்திருப்பவர், அது வழங்கப்பட்ட பயனுக்காகவும், தொலைவு, அழிவு, பழுது ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாகவும் நகல் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. எழுதியவரின் உழைப்பைக் காக்கும் அதே சட்டம் வாங்கியவருக்கும் கொடுத்திருக்கும் இந்த உரிமையை மறைத்துவிட்டு, தண்டனையை மட்டும் சொல்லி மிரட்டுகிற விற்பனையாளர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இது எனக்குப் பொறுக்கவில்லை. நானே டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் 2,500 ரூபாய்க்குத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வாங்கி, ரசீதும் கேட்காமல் நகலும் எடுக்காமல் இருந்து, கணினி பழுதானதும் முழு விலையையும் இரண்டாம் முறை கொடுத்தேன். நீங்கள் கொடுக்க வேண்டாம். சாவி எண்ணைக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால், பிழைப்புக்கான சுயதொழில் என்பதைக் குறிப்பிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் பேசி ஆலோசனையும் பெறலாம்.

கேள்வி: காப்பு நகலை மைத்துனர் கடைக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: கூடாது.

கேள்வி: எங்கள் டிடிபி சென்டருக்கு 500 ரூபாய்க்கு எல்லா மென்பொருளும் போட்டுக் கொடுத்தார்கள். திருட்டு நகல் என்று தெரியும். ஆனால் எல்லோரும் அப்படித்தானே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தெரிந்தே பயன்படுத்துகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இன்றே அழித்துவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு, கடிதமும் கணக்கும் தயாரிக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளின் குறுந்தகட்டை 800 ரூபாய்க்கு விற்றவர், ஒரு கணினியில்தான் போடலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றார். எங்களிடம் பத்துக் கணினிகள் உள்ளன.
- ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார் அம்மா. அது கட்டற்ற மென்பொருள். விலைக்கு விற்பதை அதன் உரிமம் தடுக்கவில்லை. ஆனால் எத்தனை கணினியிலும் இயக்கவும், நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் அதே உரிமம் உங்களுக்கு அனுமதி தருகிறது. புதுப்பிப்புக் கட்டணம் என்பது அவர் சொன்ன பொய். பத்திலும் ஏற்றிவிட்டு, மாணவர்களுக்கும் பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள்.