லேசரின் ஓரியல்பைக் குறைக்க இரைச்சல் கொண்டு கட்டப் பண்பேற்றம் செய்தால் போதுமா? சைன் அலை ஏன் கூடாது?

நீங்கள் சொன்னபடி உங்களிடம் இருப்பது 1550 நானோமீட்டர் ஃபைபர் லேசர், நிறமாலை அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் அளவு. அதன் ஓரியல் நீளம், அதாவது ஒளி தன்னோடு தானே குறுக்கிடக்கூடிய பாதை வேறுபாட்டின் எல்லை, ஃபைபருக்குள் பல கிலோமீட்டர் வரும். அதனால்தான் இணைப்பிகளில் பட்டுத் திரும்பும் சின்னச் சின்னப் பிரதிபலிப்புகள்கூட முதன்மை ஒளியோடு குறுக்கிட்டு அளவீட்டைக் கெடுக்கின்றன. அந்த நீளத்தை ஒரு மீட்டருக்குள் அடக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். லித்தியம் நியோபேட் மாடுலேட்டர் (மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியின் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் நிலையை, மாற்றும் கருவி) ஒன்றைப் போட்டு மின் இரைச்சலால் ஓட்டினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் போதுமான அளவு ஓட்ட வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது அங்கேதான்.

முதலில் சைன் அலை. 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்தால் நிறமாலை அகலமாகத்தான் தெரியும். ஆனால் 10 நானோநொடிக்கு ஒருமுறை கட்டம் அப்படியே திரும்பி வருகிறது. ஃபைபரில் அது சுமார் 2 மீட்டர். பாதை வேறுபாடு 2, 4, 6 மீட்டர் ஆகும் இடங்களிலெல்லாம் குறுக்கீடு முழு வலுவோடு மறுபடி தலைகாட்டும். போலி எழுமாற்று பிட் வரிசையிலும் (தற்செயலானது போலத் தோன்றினாலும் திரும்பத் திரும்ப வரும் 0, 1 வரிசை) இதே சிக்கல் உண்டு, இடைவெளிதான் பெரிது: 127 பிட் வரிசையை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 26 மீட்டருக்கு ஒருமுறை. உண்மையான இரைச்சல் தன்னைத் திருப்பிச் சொல்லாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

சரி, எவ்வளவு இரைச்சல்? பலரும் இரைச்சலின் பட்டை அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கட்ட அலைவின் ஆர்எம்எஸ் மதிப்பு (இருமடிகளின் சராசரியின் வர்க்கமூலம்). அதை σ என்போம். காஸியன் (மணி வடிவப் பரவல் கொண்ட) இரைச்சலாக இருந்தால், பண்பேறாமல் பழைய ஊர்தி அலையாகவே (லேசரின் மூல ஒளியாகவே) மிஞ்சும் திறன் exp(−σ²) பங்கு. σ 1 ரேடியன் என்றால் 37 சதவீதம் அப்படியே நிற்கும். 2 என்றால் 1.8 சதவீதம். 3 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இந்த மிச்சத்தின் ஓரியல் நீளம் இன்னும் அதே பல கிலோமீட்டர்! பட்டை அகலத்தை எத்தனை கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினாலும் இது அசையாது. மின்னழுத்தத்தைத்தான் கூட்ட வேண்டும்.

100 மெகாஹெர்ட்ஸ் வரை தட்டையான இரைச்சலும் σ = 3 ரேடியனும் கொடுத்தால் ஒளியின் அரை உயர அகலம் (நிறமாலை உச்சத்தின் பாதி உயரத்தில் உள்ள அகலம்) சுமார் 400 மெகாஹெர்ட்ஸ் ஆகும். ஓரியல் நீளம் ஃபைபரில் அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். நீங்கள் கேட்ட ஒரு மீட்டருக்குள் அடங்குகிறது. மாடுலேட்டரின் அரை அலை மின்னழுத்தம் (கட்டத்தை π ரேடியன் நகர்த்தத் தேவையானது) 4 வோல்ட் என்றால் 50 ஓமில் சராசரி 0.3 வாட் போதும். ஆனால் இரைச்சலின் உச்சங்கள் 2.5 வாட்டைத் தாண்டும். அரை வாட் ஆம்ப்ளிஃபையர் அந்த உச்சங்களை வெட்டிவிடும், மேலே சொன்ன கணக்கும் செல்லாது. அதனால் ஆம்ப்ளிஃபையரைத் தாராளமாகவே எடுங்கள்.

சரிபார்க்க சாதாரண ஒளி நிறமாலைமானி உதவாது. அதன் பிரிதிறன் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். பண்பேற்றாத இன்னொரு லேசரோடு கலந்து, விம்மல் அதிர்வெண்ணை (இரு ஒளிகளின் அதிர்வெண் வேறுபாட்டை) 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, ரேடியோ அலை நிறமாலைமானியில் பாருங்கள். இரைச்சலைக் குறைவாக வைத்தால் அகன்ற மேட்டின் நடுவில் ஊசி மாதிரி ஒரு முனை நிற்கும்; அதுதான் பண்பேறாத மிச்சம். இரைச்சலைத் தணிக்கும் அட்டென்யுவேட்டரை ஒவ்வொரு டெசிபெல்லாகத் தளர்த்தினால் மேடு விரியும், ஊசி சரசரவென்று இறங்கும். ஊசி மேட்டுக்குள் அமிழும் வரை விடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது. ஒரே திரையில் கோட்பாடு முழுவதும் கண்முன் நடக்கும்.

இந்த முறையின் பெரிய நன்மை, ஒளியின் செறிவு மாறுவதில்லை. லேசரின் மின்னோட்டத்தை ஆட்டினால் செறிவும் சேர்ந்து ஆடும். ஆனால் மாடுலேட்டருக்குப் பின்னால் குறுகிய வடிகட்டியோ நீண்ட ஃபைபரோ இருந்தால், அங்கே கட்ட அலைவு செறிவு அலைவாக மாறும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

அப்புறம், சுவரில் விழும் லேசர் ஒளியின் புள்ளிப்புள்ளித் தோற்றத்தைப் போக்கவும் இது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவாது. சுவரின் மேடுபள்ளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு ஏற்ற ஓரியல் நீளம் வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படும். அதற்குச் சுழலும் ஒளிச்சிதறல் தட்டுதான் எளிய வழி.