டிஸ்க் மாற்றியதும் கிளிப்புகள் எல்லாம் ‘மீடியா ஆஃப்லைன்’ ஆகிவிட்டன; தவறில்லாமல் மீண்டும் இணைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: கோலாலம்பூரில் நடந்த ஒரு திருமணத்தை மூன்று கேமராக்களில் பதிவு செய்து, பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் பாதிக்கு மேல் எடிட் செய்துவிட்டீர்கள். டிஸ்க் நிரம்பியதால் எல்லாவற்றையும் புதிய டிஸ்க்கிற்கு மாற்றியபின் டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதி) முழுவதும் ‘மீடியா ஆஃப்லைன்’, அதாவது கோப்பைக் காணோம் என்ற சிவப்புத் திரை வருகிறது. மீண்டும் இணைத்துப் பார்த்தபோது, சில இடங்களில் தாலி கட்டும் காட்சிக்குப் பதிலாக மண்டப வாசலில் விருந்தினர் வரும் காட்சி உட்கார்ந்திருக்கிறது. நானும் இதே நகரில் திருமணங்களையும் தைப்பூசப் பதிவுகளையும் எடிட் செய்பவன் என்பதால், உங்கள் கேள்வியின் முதல் பாதியை விட இரண்டாம் பாதிதான் எனக்குக் கவலை தருகிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில், எதுவும் அழிந்துவிடவில்லை. பிரீமியரின் புராஜெக்ட் கோப்பில் வீடியோ இருப்பதில்லை. எந்தக் கோப்பு எந்த டிரைவில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரியும், அதில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எடுத்தீர்கள் என்ற குறிப்பும்தான் இருக்கின்றன. பழைய டிஸ்க் விண்டோஸில் ‘இ’ என்ற எழுத்தில் இருந்து, புதியது ‘எஃப்’ என்று வந்திருந்தால், அந்த ஓர் எழுத்து மாறியதே எல்லாக் கிளிப்புகளும் காணாமற்போகப் போதும். ஆகவே மீண்டும் இணைக்கத் தொடங்கும் முன், புராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் புதிய டிஸ்க்கிற்குப் பழைய எழுத்தையே கொடுத்துப் பாருங்கள். மேக் கணினியாக இருந்தால் புதிய டிஸ்க்கிற்குப் பழைய டிஸ்க்கின் பெயரை அப்படியே வையுங்கள். பழையதையும் அதே நேரத்தில் செருகி வைக்காதீர்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் மேக் இரண்டாவதன் பாதையில் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். உள்ளே கோப்புறை அமைப்பை நீங்கள் மாற்றாமல் இருந்தால், இதிலேயே பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும்.

அப்படித் திரும்பாவிட்டால்தான், கிளிப்பை அதன் கோப்போடு மீண்டும் இணைக்கும் ‘லிங்க் மீடியா’ கட்டளை தேவை. இங்கேதான் உங்களுக்கு நேர்ந்த சிக்கல் பிறக்கிறது. சோனி கேமராக்கள் தம் கிளிப்புகளுக்குச் சி0001, சி0002 என்று பெயரிடுகின்றன. எண் வரிசை ‘ரீசெட்’ அமைப்பில் இருந்தால், புதிய கார்டு போட்டதும் மீண்டும் 0001 இலிருந்து தொடங்கும். மூன்று கேமராக்களும் சோனி என்றால், சி0007 என்ற பெயரில் உங்களிடம் குறைந்தது மூன்று கோப்புகள் இருக்கும். ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே பெயரில் மூன்று பேர் குடியிருக்க, வீட்டு எண் இல்லாமல் கடிதம் வந்தால் அஞ்சல்காரர் எந்தக் கதவைத் தட்டுவாரோ, அதே நிலைதான் மென்பொருளுக்கும். டிஸ்க்கின் மேல்மட்டக் கோப்புறையைக் காட்டித் தேடச் சொன்னால், பெயர் பொருந்தும் கோப்பை அது உங்கள் முன் வைக்கிறது, நீங்களும் ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். சிவப்புத் திரை கண்ணில் படும், வாடிக்கையாளருக்குப் போகும் முன் திருத்திவிடலாம். தவறான கோப்பு இணைந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. நான்கு நிமிடப் பாடல் தொகுப்பில் ஒன்றரை நொடி இடம் மாறியிருப்பதை இரவு இரண்டு மணிக்கு யாராலும் கவனிக்க முடியாது. அதனால் வேகமாக இணைப்பதை விடச் சரியாக இணைப்பதற்கே நேரத்தைச் செலவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனவே தவறாக இணைந்த இந்தப் பிரதியை விட்டுவிட்டு, டிஸ்க் மாற்றுவதற்கு முந்தைய புராஜெக்ட் கோப்பிலிருந்து, ஆட்டோ சேவ் கோப்புறையில் இருந்தாலும் சரி, மறுபடி தொடங்குங்கள். திறக்கும்போது வரும் சாளரத்தில் எல்லாவற்றையும் ஆஃப்லைனாகவே விட்டுவிடுங்கள். அதனால் இழப்பு ஏதும் இல்லை. பிறகு ஒரு கேமராவின் ஒரு கார்டிலிருந்து வந்த கிளிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, லிங்க் மீடியா சாளரத்தில் கோப்புப் பெயரோடு ‘மீடியா ஸ்டார்ட்’ என்பதையும் பொருந்தும் பண்பாகக் குறியிடுங்கள். அது கிளிப்பின் தொடக்க டைம்கோடு, அதாவது கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் இடும் நேர எண்ணில் முதலாவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் டைம்கோடு வேறாக இருந்தால் தவறான கோப்பு ஒதுங்கிவிடும். தேடும்போது அந்தக் கார்டின் கோப்புறையை மட்டுமே காட்டுங்கள், டிஸ்க் முழுவதையும் காட்டாதீர்கள். ‘மற்றவற்றையும் தானாக இணை’ என்ற வசதியை முதற்சுற்றில் அணைத்து வைப்பது நல்லது. ஒரு கிளிப் சரியென்று கண்ணால் பார்த்தபின் இயக்கலாம். இடையில் கோப்புகளை வேறு கோடெக்கிற்கு (வீடியோவைச் சுருக்கும் முறைக்கு) மாற்றியிருந்தால், கோப்பு நீட்சி பொருந்த வேண்டும் என்ற குறியை எடுத்துவிட வேண்டும்; ஆனால் ஒலித்தடங்களின் எண்ணிக்கையும் பிரேம் வேகமும் அசலோடு ஒத்திருக்க வேண்டும்.

பிராக்ஸி (எடிட்டை வேகப்படுத்த அசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சிறிய பிரதி) வைத்து எடிட் செய்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். லிங்க் மீடியாவில் பிராக்ஸிக் கோப்பைக் காட்டினால் மென்பொருள் அதையே அசலாக எடுத்துக்கொள்ளும். இறுதி வீடியோ மங்கலாக வெளிவரும்போதுதான் அது தெரியவரும். பிராக்ஸியை இணைக்கவும் முழுத்தர அசலை மீட்டு இணைக்கவும் பிரீமியரில் பிராக்ஸி மெனுவுக்குள் தனித்தனி கட்டளைகள் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள்.

எல்லாம் இணைந்தபின் சரிபார்க்க ஒரு நம்பகமான வழி உண்டு. டிஸ்க் மாற்றும் முன் வாடிக்கையாளருக்குப் பார்க்க அனுப்பிய மாதிரி வீடியோ ஏதாவது உங்களிடம் இருக்கும். அதை டைம்லைனின் மேல் டிராக்கில் முதல் பிரேமிலிருந்து பொருத்தி வைத்து, பிளெண்ட் மோடை (மேல்படம் கீழ்ப்படத்தோடு கலக்கும் முறையை) ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். மேலும் கீழும் ஒரே படமாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். சுருக்கத்தால் வரும் மெல்லிய புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம். வண்ண உருவம் துலங்கும் இடத்தில் ஒன்று தவறான கிளிப் இருக்கும், அல்லது மாதிரி அனுப்பியபின் நீங்களே செய்த மாற்றம் இருக்கும். இந்தக் காரணத்திற்காகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாதிரி வீடியோவை ஏற்றுமதி செய்து வைக்கும் பழக்கத்தை நான் விடுவதில்லை.

இனி வராமல் தடுப்பதற்கு வருவோம். கோப்புகளுக்குத் தனித்த பெயர் அமைய வேண்டிய இடம் கேமராதான். சோனி எஃப்எக்ஸ்3 போன்றவற்றில் கிளிப் பெயருக்கு முன்னொட்டு வைக்கும் வசதி இருக்கிறது; முகூர்த்தக் கேமராவுக்கு ‘ஏ’, கேண்டிட் கேமராவுக்கு ‘பி’ என்று வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். டைம்கோடை, பதிவு நின்றாலும் ஓடிக்கொண்டேயிருக்கும் ‘ஃப்ரீ ரன்’ முறையில், கைக்கடிகார நேரத்திற்கு ஒப்பாக வைத்துவிட்டால் மீதிப் பாதியும் தீரும். முன்னொட்டு வசதி இல்லாத கேமராவின் எம்பி4 கோப்புகளுக்கு, பிரீமியருக்குள் கொண்டுவரும் முன்பே பெயர் மாற்றுங்கள். கொண்டுவந்தபின் மாற்றாதீர்கள். ஏவிசிஎச்டி போன்ற கேமராப் பதிவு வடிவங்களில் மட்டும் உள்ளே எதையும் தொடாமல், கார்டின் முழு அமைப்பையும் அப்படியே ஒரு கோப்புறைக்குள் நகலெடுத்து, அந்தக் கோப்புறைக்கு மட்டும் கேமராவின் பெயரும் கார்டு எண்ணும் இடுங்கள். அவற்றில் நீண்ட பதிவு பல கோப்புகளாகத் துண்டாகியிருக்கும், பெயர் மாறினால் துண்டுகள் ஒன்றையொன்று அறியாமற்போகும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் எழுத்துகளில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க், கோப்புப் பெயரைப் பிரித்த வடிவில் சேமிக்கும்; விண்டோஸில் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் இருக்கும். ‘கோயில்_ஊர்வலம்’ என்ற பெயர் இரண்டிலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரு வேறு பெயர்களாகிவிடலாம். தமிழ்மேல் எனக்குள்ள பற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் மேக்கும் விண்டோஸும் கலந்து வேலை செய்யும் இடத்தில் மூலக்கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணுமே பாதுகாப்பு என்று கருதுகிறேன். பிரீமியருக்குள் பின்களுக்கு (கிளிப்புகளை வகைப்படுத்தும் உட்கோப்புறைகளுக்கு) தாராளமாகத் தமிழ்ப் பெயர் வையுங்கள்.

திருமணத்திற்கு ஒரே ஒரு தாய்க் கோப்புறை இருக்கட்டும். அசல் பதிவு, ஒலி, இசை, கிராஃபிக்ஸ், புராஜெக்ட், பிராக்ஸி, ஏற்றுமதி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். பெரும்பாலும் தொலைவது கேமராக் கோப்பு அன்று; டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து நேரே டைம்லைனுக்கு இழுத்த நாதஸ்வர இசையும், வாட்ஸாப்பில் வந்த அழைப்பிதழ்ப் படமும்தான். அவற்றை முதலில் தாய்க் கோப்புறைக்கு நகர்த்திவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். தலைப்புக்குப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவையும் அங்கேயே ஒரு பிரதி வையுங்கள்.

இட அளவைச் சொல்வதானால், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிபி ஆகும். மூன்று கேமராக்களும் சேர்ந்து 10 மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. இதற்கு இரண்டு பிரதிகள் வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் லோ யாட் பிளாசாவில் டிஸ்க் வாங்கப் போக வேண்டும்; வேலை நடுவில் டிஸ்க் நிரம்பி மாற்ற நேர்வதே இத்தனை சிக்கலுக்கும் ஊற்று. நகலெடுக்கும்போது வெறும் இழுத்துப் போடுதல் வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே உள்ள ‘க்ளோன்’ கருவி செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) கொண்டு ஒப்பிட்டு நகலெடுக்கும். இரண்டு பிரதிகளும் ஒப்பிட்டு முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. ரிசால்விலேயே எடிட் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் புராஜெக்ட் கோப்புறைக்குள் இருப்பதில்லை, தரவுத்தளத்தில் இருக்கிறது, டிஸ்க்கை மட்டும் எடுத்துச் சென்றால் எடிட் வராது, புராஜெக்ட்டைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

வேலை முடிந்து ஒப்படைத்தபின், பிரீமியரின் புராஜெக்ட் மேனேஜரில் கோப்புகளைத் திரட்டி நகலெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தாத கிளிப்புகளை விலக்கும் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். திருமண வீடியோவில் இடம்பெறாத காட்சியில்தான் பாட்டி ஒருவர் அட்சதைத் தட்டோடு நின்றிருப்பார். அவர் மறைந்தபின் குடும்பத்தார் வந்து, அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும்போது, இடத்தை மிச்சப்படுத்தினேன் என்பது பதிலாகாது.

திரட்டிய கோப்புறையை வேறொரு கணினியில், பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு கிளிப்பும் ஆஃப்லைன் ஆகாமல் திறந்து, டிஃபரன்ஸ் சோதனையிலும் தேறினால், அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கை அடுத்த வேலைக்குக் காலி செய்யலாம். உங்களிடம் இப்போது இருக்கும் பழைய டிஸ்க்கையும் அதுவரை அழிக்காதீர்கள்.